எந்தப் பக்கம் அழுக்காகிறது?

1998 முதல் 2025 வரை, ஈரோடு மாவட்டத்தில் பவானி ஆற்றை ஒட்டிய ஒரு பேரூரின் கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். திரும்பி வரும் புத்தகத்தைக் கையில் வாங்கியதும், தேதிச் சீட்டைப் புரட்டுவதற்கு முன்பே அதன் பக்கவாட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. புத்தகத்தை மூடிப் பிடித்துத் தாள்களின் விளிம்பைக் கவனித்தால், வாசித்தவர்களின் கை எதுவரை போயிருக்கிறது, எந்த இடத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் பட்டிருக்கிறது என்பது பழுப்புக் கோடாகத் தெரிந்துவிடும். நாவல் என்றால் அந்தப் பழுப்பு முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஏறக்குறைய ஒரே சீராகப் படர்ந்திருக்கும். சமையல், தையல், ஆடு வளர்ப்பு, சட்ட வழிகாட்டி, பங்குச் சந்தை, தன்னம்பிக்கை என்று ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுக்க வந்த நூல்களில் அப்படி இருப்பதில்லை. ஒன்றில் நடுவில் பத்துத் தாள் மட்டும் கறுத்திருக்கும், இன்னொன்றில் முதல் முப்பது பக்கத்தோடு அழுக்கு நின்றுவிடும், வேறொன்றில் ஒரே ஒரு தாள் பிளேடால் அறுக்கப்பட்டிருக்கும்.

புத்தகம் எப்படி இருந்தது என்று வாசகரிடம் கேட்டால், எங்கள் பக்கத்தில் "நல்லா இருந்துச்சுங்க சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அது மரியாதைக்குச் சொல்வது. அவருக்கு உண்மையில் எது உதவியது என்பதைத் தாளின் விளிம்பிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன். வாங்கலாமா வேண்டாமா என்று புத்தகக் கண்காட்சியில் நின்று யோசிப்பவர்களுக்கும், கற்றுக்கொடுக்கும் நூல் எழுத உட்காருபவர்களுக்கும் அதில் சில பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

சமையல் நூல்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கறை ஒளியாமல் தெரிவது அவற்றில்தான். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. அதன் முதல் பாகம் எங்கள் நூலகத்தில் என் காலத்திலேயே இரண்டு பிரதிகள் தேய்ந்து, மூன்றாவது பிரதி வாங்கப்பட்டது. பளபளப்பான தாளில் வண்ணப்படங்களோடு வந்த சமையல் நூல்கள் பல அதே அலமாரியில் இருந்தன. அவற்றைப் பெண்கள் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு வைப்பார்கள், ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போவது படமே இல்லாத இதைத்தான். காரணம் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. ஒருநாள் சாம்பார்ப் பக்கத்தில் புளி காய்ந்து ஒட்டியிருந்த தாள்களை மெதுவாகப் பிரித்தபோது, ஓரத்தில் பென்சிலால் "எங்க டம்ளர்ல ஒண்ணே கால்" என்று எழுதியிருந்ததைக் கண்டேன். அந்த நூல் எழுதப்பட்டபோது அளவைகள் ஆழாக்கும் பலமும்தான், கிராம் கணக்கு நாட்டில் புழக்கத்துக்கு வந்தது 1950களின் இறுதியில். எட்டு ஆழாக்கு ஒரு படி என்றாலும் படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆகவே இன்று வாசிப்பவருக்கு அந்த அளவுகள் அப்படியே பயன்படப் போவதில்லை. இருந்தும் எழுதியவர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவைச் சொல்லியிருக்கிறார் என்பதே வாசகருக்குப் பிடிமானமாகிறது, அதைத் தன் வீட்டு டம்ளருக்கு மாற்றிக்கொள்ளும் வேலையை அவரே செய்துகொள்கிறார். "தேவையான அளவு உப்பு", "பதமாக வந்ததும் இறக்கவும்" என்று எழுதும் நூலில் மாற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. பதம் எது என்று தெரிந்தவளுக்குப் புத்தகம் எதற்கு?

தையல் நூல்களில் நான் கற்றது வேறு. திருப்பூர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளின் வேன் காலையில் ஏழு மணிக்கெல்லாம் எங்கள் ஊருக்கு வந்துவிடும். அந்த வேனில் போய்வரும் பெண்களில் சிலர், வீட்டில் ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைக்கலாம் என்ற எண்ணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்கு வருவார்கள். தையலுக்கு எங்களிடம் ஐந்தாறு நூல்கள் இருந்தன. ஒரு நூலில் மார்புச் சுற்றளவு 34 அங்குலத்துக்கான வரைபடம் மிகத் துல்லியமாக இருந்தது, ஆனால் 36க்கு என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை. அதை எடுத்துப்போனவர்கள் இரண்டாம் நாளே திருப்பித் தந்தார்கள். இன்னொரு நூல் அச்சும் மங்கல், தாளும் சொரசொரப்பு. ஆனால் அது மார்புச் சுற்றளவை நான்கால் வகுத்து, தளர்வுக்கு இவ்வளவு, தையலுக்குப் பிடிக்க இவ்வளவு என்று கூட்டிக்கொள்ளும் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது. அத்துடன் நில்லாமல், தைத்து முடித்த ஜாக்கெட் தோளில் இறங்கினால் எதைப் பிரிப்பது, கைக்குழி பிடித்தால் எங்கே வளைத்து வெட்டுவது, முன்பக்கம் தூக்கினால் டாட் என்னும் மடிப்புத் தையலை எவ்வளவு குறைப்பது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தது. அந்த இரண்டு பக்கங்கள் அடங்கிய ஒற்றைத் தாளைத்தான் யாரோ பிளேடால் அறுத்து எடுத்துப்போனார்கள்.

கோபம் வந்தது, வராமல் இருக்குமா. கடைசியாக எடுத்துப்போனவரிடம் கேட்டதற்கு, தான் வாங்கும்போதே தாள் இல்லை என்றார், அதற்கு முந்தியவரும் அதையே சொன்னார். மாவட்ட மைய நூலகத்தில் இருந்த பிரதியிலிருந்து அந்தத் தாளை நகலெடுத்து ஒட்டினேன், எட்டு மாதத்தில் அந்த நகலும் போயிற்று. பிறகு பத்து நகல் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, புத்தகம் எடுப்பவர்களுக்குத் தனியாகவே கொடுத்துவிட்டேன். பத்தும் தீர்ந்தன, பிறகு தாள் அறுபடவே இல்லை. சரியாகச் செய்யும் விதத்தைச் சொல்லும் பக்கத்தை யாரும் திருடுவதில்லை, செய்தது கோணலாகிவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் பக்கத்தைத்தான் திருடுகிறார்கள். அன்றிலிருந்து புதிதாக வரும் எந்தக் கற்பிப்பு நூலையும் கையில் எடுத்தவுடன் நான் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான். அப்படி ஒரு பக்கமும் இல்லையென்றால், எழுதியவர் அந்த வேலையைச் செய்து பார்த்தவரல்லர், அல்லது செய்த காலம் மறந்துபோனவர் என்று முடிவு செய்துகொள்வேன். பெரும்பாலும் தவறியதில்லை.

ஆடு வளர்ப்பு நூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேச்சேரி ஆடும் சேலம் கருப்பும் வளர்க்கும் வட்டாரம் பக்கத்திலேயே இருப்பதால் எங்களிடம் இந்த நூல்களுக்கு எப்போதும் கேட்பாரிருப்பர். துபாயில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கையில் கொஞ்சம் பணத்தோடு ஊர் திரும்பிய ஒருவர், ஒரு நூலை எடுத்துப்போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். புத்தகத்தின் கடைசியில் இருந்த லாபக் கணக்கு அட்டவணையை மேசைமேல் விரித்து வைத்தார். பத்துப் பெட்டை, ஒரு கிடா, ஐந்து மாதச் சினை, இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று, ஈற்றுக்கு இரண்டு குட்டி, ஆக அறுபது குட்டி என்று போட்டு, குட்டி விலையால் பெருக்கி ஒரு பெரிய தொகை அடிக்கோடிட்டு அச்சாகியிருந்தது. அவர் அந்தத் தொகையைச் சுட்டிக்காட்டவில்லை, அறுபது என்ற எண்ணில் விரலை வைத்தார்.

"ஏனுங்க சார், இதுல ஒரு குட்டிகூடச் சாகலீங்களே?"

அவருடைய அப்பா ஆடு மேய்த்தவர். மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த நல்ல கொழுத்த ஆடு, துள்ளுமாரி நோய் கண்டு பொழுது விடிவதற்குள் செத்துக் கிடந்ததைச் சின்ன வயதில் பார்த்தவர். அந்த அட்டவணையில் தன் அப்பாவின் பட்டி இல்லை என்பதை அவர் ஒரே பார்வையில் கண்டுகொண்டார். கால்நடை மருத்துவர்கள் சேர்ந்து எழுதிய, அட்டையே பிய்ந்த ஒரு மெல்லிய நூல் உள் அலமாரியில் கிடந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன். அதில் லாபக் கணக்கு அரைப் பக்கம்தான். மீதி முழுவதும், பிறந்த குட்டிக்கு முதல் ஒருமணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்காவிட்டால் என்ன ஆகும், தொப்புள்கொடியில் ஏன் அயோடின் தடவ வேண்டும், துள்ளுமாரிக்கு மழைக்காலத்துக்கு முன்பே ஏன் தடுப்பூசி, ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் புதிதாகச் சந்தையில் வாங்கிய ஆட்டை ஏன் பட்டியில் சேர்க்கக்கூடாது என்று சாவைப் பற்றியே பேசியது. மனிதர் அந்த நூலை மூன்று முறை புதுப்பித்துக்கொண்டு வைத்திருந்தார். ஆசை காட்டும் நூலைத்தான் சாதாரண வாசகர் விரும்புவார் என்று பதிப்பகத்தார் பலர் நினைக்கிறார்கள். கையில் இருக்கும் பணத்தைப் போடப்போகிறவருக்கு, எங்கெங்கே பணம் போகும் என்று சொல்லும் நூல்மீதுதான் நம்பிக்கை பிறக்கிறது. பங்குச் சந்தை நூல்களிலும் இதையே கண்டேன்: நட்டத்தை எங்கே நிறுத்திக்கொள்வது என்ற அத்தியாயம்தான் கறுத்திருக்கும்.

இனிச் சொல்லப்போவது என்னுடைய தவறு. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வந்தார். அந்த ஆண்டு ஜூனில், சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் காதுக் கருவி வாங்கியிருக்கிறார். அது மூன்று மாதத்தில் பேசாமலாகிவிட்டது, கடைக்காரர் மாற்றித்தர மறுத்துவிட்டார். நுகர்வோர் வழக்கு பற்றி நூல் வேண்டும் என்றார். நல்ல எளிய தமிழில் மாதிரி மனுக்களோடு இருந்த, பலரும் பாராட்டிய ஒரு நூலை எடுத்துக் கொடுத்தேன். அது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை விளக்கிய நூல். அந்தச் சட்டப்படி, பொருளை விற்றவர் தொழில் நடத்தும் ஊரிலோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் தர முடியும். அதைப் படித்துவிட்டு, காதும் கேட்காமல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு ரயிலேற முடியாது என்று அவர் புகாரையே கைவிட்டுவிட்டார். 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதும், அதன்படி புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. 2024 கடைசியில் வேறொரு வாசகர் நன்கொடையாகத் தந்த புதிய நூலைப் பதிவேட்டில் ஏற்றும்போது தற்செயலாகப் படித்து, அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். புகார் தர இரண்டு ஆண்டுதான் காலவரம்பு, அது முடிந்திருந்தது. "பரவால்லீங்க, விடுங்க" என்றார். நான் சொன்னதில் பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து, சட்டம், வரி, பத்திரப்பதிவு, பங்குச் சந்தை நூல்களின் அட்டைக்கு உள்பக்கத்தில், அந்த நூல் உண்மையில் எந்த ஆண்டு வரைக்குமான விவரங்களைச் சொல்கிறது என்று சிவப்பு மையில் எழுதிச் சீட்டு ஒட்டினேன். அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். பல நூல்களில் 'ஏழாம் பதிப்பு' என்று போட்டு அண்மைய ஆண்டைத் தந்திருப்பார்கள். உள்ளே ஓர் எழுத்தும் மாறியிருக்காது, அது வெறும் மறுஅச்சு. திருத்திய பதிப்பு என்று சொல்லி, எதைத் திருத்தினோம் என்று முன்னுரையில் இரண்டு வரியாவது எழுதியிருந்தால்தான் நம்பலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஊரெல்லாம் பேச்சுவழக்கில் புழங்கும் 420 என்ற பிரிவு எண் இன்று 318க்குள் போய்விட்டது. பழைய எண்களோடு அதற்குப் பின்னும் அச்சாகும் நூல் ஒன்றைக் கடையில் பார்த்தால், அதன் தமிழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். எளிய நடையை வாசகர்கள் மிக விரும்புகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எளிய நடை பழைய தகவலையும் புதிதுபோல் ஆக்கிவிடும் என்பதை நான் ஒருவரின் காதுக் கருவியைப் பலிகொடுத்துத்தான் கற்றேன்.

தன்னம்பிக்கை நூல்களைப் பற்றி எனக்கு நெடுங்காலம் இளக்காரம் இருந்தது. முதல் முப்பது பக்கத்தோடு அழுக்கு நின்றுவிடும் என்றேனே, அவை இவைதான். எங்கள் வாசிப்பு மேசைகளில் பாதியைக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிரப்பியிருப்பார்கள். 200 வினா, 300 மதிப்பெண் என்று இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பவர்கள், போகும்போது அப்துற் றஹீம் அல்லது எம்.எஸ். உதயமூர்த்தியின் நூல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். முப்பது பக்கம் படித்து மூடிவைத்தால் என்ன பயன் என்று எனக்குத் தோன்றும். மூன்றாவது முறையாகத் தேர்வெழுதிக்கொண்டிருந்த ஒரு பெண், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே நூலைத் திரும்பத் திரும்ப எடுப்பதைப் பார்த்து, அதில் அப்படி என்னம்மா இருக்கிறது என்று கேட்டேன். "புதுசா ஒண்ணும் இல்லீங்க சார். படிச்சா ஒரு வாரத்துக்குத் தைரியமா இருக்குது" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்த முப்பது பக்கத்தை இளக்காரமாகப் பார்க்கவில்லை. கஷாயத்தைக் குடித்து முடித்துவிட வேண்டும் என்று யாரும் குடிப்பதில்லை, காய்ச்சல் விட்டால் போதும்.

இந்த வகை நூல்களின் மூதாதை என்று சொல்லத்தக்க சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்' 1859இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் வேர், லீட்ஸ் நகரில் மாலைநேரத்தில் ஒன்றுகூடித் தாங்களே பாடம் படித்துக்கொண்ட இளம் தொழிலாளர்கள் முன் அவர் பேசிய பேச்சில் இருக்கிறது. வேலை முடிந்த களைப்போடு ஒரு கூடத்தில் உட்கார்ந்திருந்த அவர்களுக்கும் எங்கள் மேசைப் பிள்ளைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த நூலில் உபதேசத்தைவிட மனிதர்களின் கதைகளே மிகுதி. இன்றும் வாசகர் தேடுவது அதுதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: கதையில் வருபவர் பட்ட அடியும் முழுதாகச் சொல்லப்பட வேண்டும். வெற்றிபெற்றவர் காலை நான்கு மணிக்கு எழுந்தார் என்பதை மட்டும் எழுதும் நூல்களை எங்கள் பிள்ளைகள் சீக்கிரமே சலித்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுடைய அம்மாக்கள் எல்லோரும் நான்கு மணிக்குத்தான் எழுகிறார்கள்.

வரலாறு, அறிவியல், உடல்நலம் என்று பொதுவாசகருக்காக எழுதப்படும் நூல்களில் ஒரே குறையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். தமிழில் இவற்றுக்குப் பின்னிணைப்பாகச் சொல்லடைவு தருவது அரிது. நானூறு பக்க உடல்நல நூலில் 'சிறுநீரகக் கல்' எங்கே இருக்கிறது என்று தேட, வலியோடு வந்தவர் நானூறு பக்கத்தையும் புரட்ட வேண்டியிருக்கிறது. சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பயிற்சியில் மனப்பாடம் செய்து எழுதிய அந்த விதிக்கு, வேலைக்கு வந்து பத்து ஆண்டு கழித்துத்தான் எனக்குப் பொருள் விளங்கியது. அதிகம் கேட்கப்படும் ஒரு மருத்துவ நூலின் கடைசி வெற்றுத்தாளில், மக்கள் வாயில் வரும் சொற்களை அப்படியே போட்டு, மூட்டு வலி, தலைசுற்றல், சர்க்கரை, மஞ்சள்காமாலை என்று பக்க எண்களோடு நாற்பது வரி எழுதி வைத்தேன். நூலாசிரியர் 'நீரிழிவு' என்றுதான் எழுதியிருந்தார், தேடி வருபவர் 'சர்க்கரை' என்றுதான் தேடுகிறார். இரண்டு மாதத்தில் அந்த நூலிலேயே அதிகம் அழுக்கான தாள் என் கையெழுத்துத் தாளாகிவிட்டது. எழுத்தாளனாக நான் அடைந்த ஒரே புகழ் அதுதான்.

புத்தகம் வாங்கப்போகும் நண்பர்கள் என்னிடம் யோசனை கேட்டால், முன்னுரையைப் படிக்காதீர்கள், உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு சங்கதி அந்த நூலில் எங்கே வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தை மட்டும் நின்றபடியே படியுங்கள் என்பேன். தோசை சுடத் தெரிந்தவர் தோசைப் பக்கத்தையும், ஆடு வளர்த்தவர் மகன் லாபக் கணக்கையும் பார்த்தால் போதும். தெரிந்த இடத்திலேயே நூல் வழுக்குகிறது என்றால், தெரியாத இடத்தில் அதை நம்பி எப்படி இறங்குவது?

ஓய்வுபெறும் வாரத்தில் இருப்பு சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அறுபது குட்டிகளும் பிழைத்த அந்தப் பழைய ஆடு வளர்ப்பு நூல் திரும்பி வந்தது. கடைசி அட்டவணையைத் திறந்து பார்த்தேன். அறுபது என்ற எண்ணுக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் "மூணு கழிக்கவும்" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், பேனாவால், "மூணு பத்தாது, எட்டு" என்றிருந்தது. நூலில் எழுதினால் தண்டம் வசூலிக்க வேண்டும் என்பது விதி. தேதிச் சீட்டில் முத்திரை குத்தி, புத்தகத்தை அலமாரியில் கண்ணுக்குத் தெரியும்படி முன்வரிசையில் வைத்தேன்.